கோபத்தோடு மருந்து கலக்கக் கூடாது

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கிற அறைக்குள் போகிற ஆளிடம் போர்மேன் கருப்பணன் தினமும் காலையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"மனசு வெள்ளையா இருக்கா?"

"வெள்ளைதான்" என்று சொன்னால் உள்ளே போகலாம். வீட்டில் சண்டை, பங்காளியோடு வரப்புத் தகராறு, வழியில் யாரோடாவது வாய்ச்சண்டை, எதுவானாலும் "இன்னைக்கு வெள்ளை இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெட்டி ஒட்டுகிற ஷெட்டுக்குப் போய்விட வேண்டும். அன்றைக்குக் கூலி குறையாது. ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். செத்துப்போன பெரிய முதலாளி வைத்த சட்டம் அது. அவருடைய கூடப்பிறந்த தம்பி ஒருநாள் அண்ணனோடு முறைத்துக்கொண்டு மருந்து அறைக்குள் போனார். கோபத்தில் சல்லடையை ஓங்கித் தட்டியிருப்பார் என்று சொல்வார்கள். அறை வெடித்துச் சிதறியது, பார்த்தவர் யாரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கேள்வி.

அந்த அறையில் ரொம்ப காலம் மருந்து கலந்தவர் பலவேசம். ஊரிலேயே அவரைப் போலக் கோபக்காரர் கிடையாது. ஸ்டாப்பைத் தாண்டி பஸ்ஸை நிறுத்தினான் என்று கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருக்கிறார். டீயில் ஈ விழுந்ததற்குக் கடைக்காரனின் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசியிருக்கிறார். ஆனால் கருப்பணனிடம் ஒருநாள் கூட "வெள்ளை இல்லை" என்று சொன்னது கிடையாது. கம்பெனி வாசலுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்று பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவுவார். காறித் துப்புவார். கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு உள்ளே போகும்போது அவர் கை பூப்பறிக்கிற கை மாதிரி ஆகிவிடும்.

"வீட்டுல அணுகுண்டு, கம்பெனியில புஸ்வாணம்" என்பாள் அவர் பொண்டாட்டி சொர்ணலட்சுமி. "அந்த வேப்பமரத்தைப் பேத்துக் கொண்டாந்து நம்ம வாசல்ல நடுங்கன்னா கேக்க மாட்டேங்கீகளே."

சொர்ணமும் அதே கம்பெனியில் சக்கரத்துக்கு மருந்து அடைத்தவள்தான். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பாக மாறியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பனி விழுந்தால் வாங்கும், சிரித்தால் கூட வாங்கும். வேலையை விட்டாள். ஆனால் பலவேசத்தின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. அந்தக் கணக்கில் டவுன் டிஸ்பென்சரியில் மாதாமாதம் மாத்திரையும், வாயில் வைத்து இழுக்கிற மருந்தும் கொடுத்தார்கள். சின்னக் குப்பிதான். காலையில் இரண்டு இழுப்பு, ராத்திரி இரண்டு இழுப்பு. அது இருந்தால் சொர்ணம் சமைப்பாள், சண்டை போடுவாள், பருத்திமார் விறகு அடுக்குவாள். இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை தந்தார்கள், ஆவி பிடிக்கவும் வைத்தார்கள். நெஞ்சு டாக்டர் எழுதிய அந்தக் குப்பி மட்டும் அங்கே கிடையாது.

அவள் மூச்சு அந்தக் குப்பியில் இருந்தது. குப்பி அவர் பேரில் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனியில் கணக்கு முடிப்பார்கள். போனஸ் கொடுப்பார்கள், காரச்சேவும் இனிப்பும் கொடுப்பார்கள், ஒரு பெட்டி பட்டாசு கொடுப்பார்கள். கணக்கப்பிள்ளை காட்டுகிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். தீபாவளி கழிந்தால் கம்பெனி பூட்டிக் கிடக்கும். மழை விட்டதும் நல்ல நாள் பார்த்துத் திறந்து, எல்லார் பேரையும் மறுபடி எழுதுவார்கள். வருஷா வருஷம் பேர் அழியும், வருஷா வருஷம் பேர் எழுதப்படும், வாசல் கோலம் மாதிரி. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

போன தீபாவளிக் கணக்கு முடிப்பில்தான் லோடு ஏற்றுகிற ஷெட்டில் புதிதாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஒரு பையன் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். கணக்கப்பிள்ளை மணிகண்டராஜ், வயசான ஆட்களை மட்டும் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டான்.

"பலவேசண்ணே, வாங்க. அறுபது தாண்டிருச்சு, இன்னும் என்ன ஈ.எஸ்.ஐ. ஈ.எஸ்.ஐ.ன்னு அலையிறீக? இங்கன பாருங்க, கவர்மெண்டு காப்பீட்டு அட்டை. அஞ்சு லட்சம்ணே! பெரிய பெரிய ஆஸ்பத்திரியில ராசா மாதிரி படுத்துக்கிடலாம். ஒத்த பைசா கெடையாது."

"அப்ப ஈ.எஸ்.ஐ.?"

"ரெண்டுல ஒண்ணுதான் வச்சிக்கிட முடியும். இதுக்கு மாத்திக்கோங்க. சம்பளத்துல பிடிக்கிறதும் மிச்சம்."

"சொர்ணத்துக்கு மூச்சு மருந்து வாங்கணுமே, கணக்கப்பிள்ளை."

மணிகண்டராஜ் சிரித்தான். "அஞ்சு லட்சத்துல ஒரு மூச்சு மருந்து வராதா? என்னண்ணே, வெவரமான ஆளு இப்படிப் பேசலாமா?"

வெவரமான ஆளு என்று சொன்னது பலவேசத்துக்குப் பிடித்திருந்தது. போனஸ் தாளிலும் கையெழுத்துப் போட்டார், அதற்கு அடியில் இருந்த தாளிலும் போட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அய்யாதுரையும் போட்டார். அய்யாதுரையும் மருந்து அறை ஆள்தான். அட்டை வந்ததும் பலவேசம் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தார்.

கார்த்திகை கழிந்து கம்பெனி திறந்தது. பலவேசம் வழக்கம்போல முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார், வழக்கம்போல மருந்து கலந்தார். சம்பளத்தைக் கையில் கொடுத்தார்கள், பிடித்தம் இல்லை. இதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். டிஸ்பென்சரியிலும் மருந்து நிற்கவில்லை. அதுவரை கட்டியதற்குக் கொஞ்ச காலம் ஓடும் போலிருக்கிறது. திரி நீளமாக இருந்தது. நெருப்பு வந்து சேர நாளாயிற்று.

ஆனி மாதத்தில் பலவேசத்துக்குப் பேத்தி பிறந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கீர்த்திகாவுக்கு சுகப்பிரசவம். நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது பலவேசம் வாங்கவே இல்லை. கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். "மருந்துக் கைம்மா" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, பிடிங்க தாத்தா" என்று நர்சம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். குழந்தை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியை அவர் ஊர் முழுக்க நடித்துக் காட்டினார். சட்டையைப் பிடித்த அதே கண்டக்டருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

"ஏலே, இந்தா. பேத்தி பொறந்திருக்கா."

"அப்ப இனிமே ஸ்டாப்புல நிறுத்தலைன்னா கத்த மாட்டீகளா தாத்தா?"

"பேத்தி பொறந்தா ஸ்டாப்பு எடம் மாறிருமாலே? ஒழுங்கா நிறுத்து."

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலையை சொர்ணம் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. முற்றத்தில் பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்ப்பாள். மூக்கை நீவுவாள், முதுகைத் தட்டுவாள். இளஞ்சூட்டுத் தண்ணீரை அடுப்பிலிருந்து சுமந்து கொண்டுவருவது பலவேசத்தின் வேலை. சூடு சரியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து அவரைத் திட்டுவது அவள் வேலை. சாம்பிராணி மட்டும் கிடையாது, புகை அவளுக்கு ஆகாது.

"ஒங்க மக பொறந்தப்ப எனக்கு ஷிப்டு, எங்கம்மாதான் குளிப்பாட்டுனா" என்றாள் ஒருநாள். "அதனால இவளை நான்தான் குளிப்பாட்டுவேன். யாரும் கை வைக்கப்படாது, ஆமா."

ஆடி பிறந்தது. குப்பி காலியாகிற நேரத்தில் இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனார்கள். கவுண்டரில் சம்சாத் இருந்தார். டவுன்காரம்மா, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும், ஆனால் சொர்ணத்தின் மருந்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் சீட்டே கேட்பார். அன்றைக்கு எடுத்து வைத்ததைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"பெரியவரே, ஒங்க பேருல இப்ப வைத்தியம் இல்லைன்னு காட்டுது."

"இல்லைன்னா?"

"போன தீபாவளியோட வேலையை விட்டு நின்னுட்டீங்கன்னு இருக்கு. அதுவரைக்கும் கட்டுனது போன மாசத்தோட முடிஞ்சுது."

"நானா? நேத்துக் கூட வேலைக்குப் போனேம்மா!"

"கம்பெனிக்காரங்க அனுப்புனதுல அப்படித்தான் இருக்கு. சொந்தக் காரணத்துக்காக விலகிட்டாருன்னு."

பலவேசம் மடியிலிருந்து அட்டையை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். "இந்தா இருக்கே, அஞ்சு லட்சம். இதுல வச்சுக் கொடுங்க."

சம்சாத் அட்டையைப் பார்த்தார். பிறகு சொர்ணத்தைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"இது ஆஸ்பத்திரியில படுத்தாத்தான்யா. ஆப்பரேசன், பெரிய சீக்கு, அதுக்கு உண்டு. நல்ல அட்டைதான், பத்திரமா வச்சுக்கோங்க. ஆனா மாசாமாசம் வாங்குற மாத்திரைக்கும் இழுக்குற மருந்துக்கும் இதுல வழி கெடையாது. எழுதிக் கொடுக்க முந்தி இங்கன வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சொர்ணம் புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

"இப்ப என்ன செய்ய?"

"வயசாயி ஓய்வுன்னு கம்பெனி எழுதியிருந்தா வழி இருக்கு. இத்தனை வருஷம் சர்வீசு இருக்கு ஒங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டணும், ஒரு பெட்டி மத்தாப்பு வாங்குற காசு வராது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வைத்தியம் ஓடும். விலகிட்டாருன்னு இருக்கறதால என்னால ஒண்ணும் செய்ய முடியல. கம்பெனியில போயி, ஓய்வுன்னு திருத்தி ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வாங்க."

பஸ் ஊருக்கு வந்தது. கண்டக்டர் அன்றைக்கு ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிறுத்தினான். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனதைப் பார்த்து அவனுக்கே பயமாகப் போயிற்று.

"இனி இழுக்கறதைப் பாதியாக் குறைச்சிக்கிடறேன், ஒண்ணும் ஆகாது" என்றாள் சொர்ணம் நடந்து வரும்போது.

"மூச்சை யாராவது பாதியாக் குறைப்பாகளா? வாயை மூடிட்டு வா."

மறுநாள் காலையில் பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொர்ணத்துக்கு இழுக்க ஆரம்பித்தது. முதலில் அவள் காட்டிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து, தோளைத் தூக்கி, இழுத்து இழுத்துப் பார்த்தாள். கை பிடி விட்டது. எண்ணெய் பூசிய பிள்ளை முழங்காலிலிருந்து வழுக்கியது.

அடுப்படியிலிருந்து கீர்த்திகா ஓடிவந்து பிடித்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அழுகைதான். சொர்ணத்தின் உதடு கருநீலமாகியிருந்தது. குப்பியை உலுக்கி உலுக்கி வாயில் வைத்தார் பலவேசம். கடைசி இழுப்பு வந்ததோ வரவில்லையோ, கொஞ்ச நேரத்தில் தணிந்தது.

அதற்கப்புறம் அவள் பலகையைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டாள்.

"எம்மா, ஒனக்குச் சரியானதும் நீயே குளிப்பாட்டு" என்றாள் கீர்த்திகா.

"வேண்டாந்தாயி. எங்கை நம்புற கையா இல்லை. ஒன் பிள்ளையை நான் தொடல."

மருமகன் சாயங்காலம் மெடிக்கலில் ஒரு குப்பி வாங்கி வந்து கொடுத்தான். மாதாமாதம் அவனால் முடியுமா? அதை அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சொர்ணம் வாசல்படியில் உட்கார்ந்து, மகள் தப்பும் தவறுமாகப் பிள்ளைக்குத் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழுத்தைப் பிடி, கழுத்தை" என்று உதடு மட்டும் அசைந்தது. பலவேசம் அதைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வந்தது வழக்கமாக வருகிற கோபம் இல்லை. வழக்கமான கோபம் வாய்க்கு வரும், கத்தினால் போய்விடும். இது கீழே எங்கோ உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஆடிப் பதினெட்டு.

பட்டாசுக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் சீசனுக்குப் பூசை. வடக்கே இருந்து வியாபாரிகள் வந்திருப்பார்கள், புது ரகத்தைக் காட்டி ஆர்டர் பிடிப்பார்கள். ஆபீஸ் முன்னால் வாழை கட்டி, பெரிய முதலாளி படத்துக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்ததும், கம்பெனியிலேயே மூத்த கை உள்ளே போய் முதல் மருந்து கலக்க வேண்டும். கொஞ்சம்போலத்தான், பேருக்கு. ஆனால் அந்த முதல் கலவை ஆகாமல் அன்றைக்கு ஆர்டர் எழுத மாட்டார்கள். ரொம்ப வருஷமாக அந்த மூத்த கை பலவேசத்தின் கைதான்.

அவர் வெயில் ஏறுமுன்னே போய்விட்டார். வேப்பமரத்தடியில் நிற்கவில்லை, முகம் கழுவவில்லை. நேராக ஆபீஸுக்குப் போனார். மணிகண்டராஜ் ஸ்டூலில் ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருந்தான்.

"கணக்கப்பிள்ளை, நான் விலகிட்டேன்னு எழுதி அனுப்பியிருக்கீகளாம்ல?"

"ஆமாண்ணே. நீங்கதான கையெழுத்துப் போட்டீக. அட்டைக்கு மாறுறதுக்கு."

"அட்டைக்கு மாறுறேன்னு போட்டேன். வேலையை விட்டு விலகுறேன்னா போட்டேன்? வயசாயிருச்சுன்னா ஓய்வுன்னு எழுத வேண்டியதுதான? அப்படி எழுதியிருந்தா சொர்ணத்துக்கு மருந்து நின்னிருக்காதே!"

"ஓய்வுன்னு எழுதினா அதுக்கு ஆயிரம் கேள்வி வரும்ணே. விலகல்னா ஒரே வரி." அவன் மாவிலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இப்பத் திருத்தணும்னா ஆபீஸ் ஆபீஸா அலையணும். இனிமே நீங்க கணக்குலயே இல்லாத ஆளு. இல்லாத ஆளுக்கு ஓய்வுன்னு எப்படி எழுத?"

"கணக்குல இல்லாத ஆளா? அப்ப இம்புட்டு நாளும் அந்த ரூமுல மருந்து கலந்தது யாரு, எங்கப்பனா?"

"அது வெளியாளு கூலிண்ணே. ஒங்களை மாதிரி அய்யாதுரையண்ணனும் அப்படித்தான். பெரிசு பண்ணாதீக. பூசை நாளும் அதுவுமா."

பலவேசம் அங்கேயே நின்றார். ஷெட்டுக்கு அப்பால் மருந்து அறை தெரிந்தது. வெள்ளையடித்த சின்ன அறை, நான்கு பக்கமும் கதவு, ஓடித் தப்பிக்கிறதுக்கு. கார்த்திகை கழிந்ததிலிருந்து தினமும் அதற்குள் போய் வந்திருக்கிறார். ஏதோ ஒரு காலையில் அந்த அறை வெடித்திருந்தால்? பேர்ப்பட்டியலை எடுத்து வாசித்திருப்பார்கள். பலவேசம் என்று ஒரு பேர் இருந்திருக்காது. போன தீபாவளியோடு விலகின கிழவன், அங்கே அவனுக்கு என்ன வேலை, யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருப்பார்கள். சொர்ணம் அவருடைய பாதித் துணியைப் பொறுக்கிக் கொண்டுவந்து, "இவர் இங்கன வேலை பார்த்தவருதான்யா" என்று வீடு வீடாகச் சாட்சி தேடியிருப்பாள், அந்த மூச்சை வைத்துக்கொண்டு.

தேங்காய் உடைந்தது. மணி அடித்தது. வியாபாரிகள் முள்வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். சின்ன முதலாளி மகேஷ்குமார் பட்டு வேட்டியில் நின்று, "வாங்க பலவேசண்ணே, நேரம் ஆகுது" என்று சிரித்தான்.

பலவேசம் மருந்து அறை வாசலுக்குப் போனார். கருப்பணன் வழக்கம்போலக் கேட்டார், பாதி கவனம் வியாபாரிகள் மேல்.

"மனசு வெள்ளையா இருக்கா?"

"வெள்ளை இல்லை."

கருப்பணன் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"வெள்ளை இல்லை கருப்பணா. கன்னங்கரேல்னு இருக்கு."

மகேஷ்குமார் சிரிப்பு மாறாமல் வந்தான். "என்னண்ணே, இன்னைக்குப் போயி விளையாடுறீக. ஒரு கை கலந்துட்டு வாங்க, சும்மா பேருக்குத்தான."

"பேருக்குத்தான் மொதலாளி, பேரே இல்லையே! ஒங்க கணக்கப்பிள்ளையைக் கேளுங்க. நான் போன தீபாவளியோட வேலையை விட்டு விலகின ஆளு. விலகின ஆளு மருந்தைத் தொடலாமா?"

மகேஷ்குமாரின் முகம் சுருங்கியது. "பூசை முடியட்டும், உள்ள உக்காந்து பேசிக்கிடுவோம்."

"பூசை முடிஞ்சா பேச்சும் முடிஞ்சிரும். இங்கனயே பேசுவோம்." பலவேசத்தின் குரல் ஏறியது. வேலிக்கு அப்பால் வரைக்கும் கேட்டது. "எம் பொண்டாட்டி ஒங்க சக்கரத்துக்கு மருந்து அடைச்சு நெஞ்சு போனவ. அவ மூச்சு மருந்தை, அஞ்சு லட்சம் அஞ்சு லட்சம்னு ஆசை காட்டிப் புடுங்கிட்டீக. அட்டை கொடுத்தது தப்பில்லை. அதுல மருந்து வராதுன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா? ஓய்வுன்னு எழுதினா ஒங்க கை தேஞ்சிருமா? நேத்து பேத்தியைக் குளிப்பாட்டுறப்ப மூச்சு முட்டி, பிள்ளையவே கீழ விடப் பார்த்தா மொதலாளி! இப்ப பிள்ளையைத் தொட மாட்டேங்கா. அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில படுக்க வைக்க, சொல்லுங்க!"

மகேஷ்குமார் அவரை விட்டுவிட்டுக் கருப்பணனைப் பார்த்தான். "அய்யாதுரையை விடுங்க உள்ள."

அய்யாதுரை முன்னால் வந்தார். சாதுவான மனுஷன். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லை.

"மனசு வெள்ளையா இருக்கா அய்யாதுரை?"

அய்யாதுரை தரையைப் பார்த்தார். பலவேசத்தைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை.

கருப்பணன் கதவை இழுத்துச் சாத்தினார். "வெள்ளைன்னு சொல்லாத ஆளை நான் உள்ள விட முடியாது மொதலாளி. ஒங்கப்பா வச்ச சட்டம், அவரு போட்டோ அங்கன பாத்துக்கிட்டு இருக்கு."

நாக்பூர் வியாபாரி ஒருவர் பக்கத்து ஆளைக் கேட்டார், உடைந்த தமிழில். "என்ன ஆச்சு? மருந்துக்காரன் கோபமா? கோபமா இருந்தா நம்ம மால், சரக்கு, எப்படி வரும் சேட்?" இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். மருந்து அறைக்குப் பக்கத்தில் கோபமான ஆள் நிற்பது எவருக்கும் நல்லதில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

மகேஷ்குமார் மணிகண்டராஜைக் கூப்பிட்டான். அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். "ஓய்வுன்னு எழுத முடியுமா முடியாதா?"

"முடியும் மொதலாளி. ஆனா ஏற்கனவே அனுப்பியாச்சு. அலைச்சல்…"

"அலையும்!" என்றார் பலவேசம். "எம் பொண்டாட்டி மூச்சுக்கு அலையிறா. நீரு பேப்பருக்கு அலையும். அய்யாதுரைக்கும் சேர்த்து அலையும். அவனுக்கு இன்னும் ஒடம்புல தெம்பு இருக்கு, அவன் பேரைப் பழையபடி கணக்குல ஏத்தும்."

அன்றைக்கு முதல் மருந்து கலக்கவே இல்லை. சர்ட்டிபிகேட் எழுதுகிறோம், அய்யாதுரை பேரையும் ஏற்றுகிறோம் என்று மகேஷ்குமார் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்ட பிறகும் கலக்கவில்லை. "இப்ப வெள்ளைதான அண்ணே?" என்று கேட்டான். "சொன்னதுக்கே வெளுத்துருமா?" என்று கேட்டுவிட்டு பலவேசம் வாசலைப் பார்த்து நடந்தார். வியாபாரிகள் சாப்பிட்டுவிட்டு, பிறகு வருகிறோம் என்று கிளம்பினார்கள்.

சர்ட்டிபிகேட் உடனே வந்துவிடவில்லை. தேதி தப்பு, முத்திரை இல்லை, கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை. ஒவ்வொரு தடவையும் பலவேசம் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். கத்தவில்லை. நின்றார், அவ்வளவுதான். அவர் நிற்பதைப் பார்த்ததும் மணிகண்டராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். மருமகன் வாங்கித் தந்த குப்பியை சொர்ணம் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து இழுத்தாள். ஆவணிக் கடைசியில் எல்லாம் சரியாகி, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, இருவரும் டிஸ்பென்சரி ஜன்னலில் நின்றார்கள்.

"பேரு சொல்லுங்க" என்றார் சம்சாத், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

"பலவேசம்!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சம்சாத் நிமிர்ந்தார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது பெரியவரே." பிறகு மருந்தை எடுத்து சொர்ணத்தின் கையில் வைத்தார். "பேத்தி எப்படி இருக்கா?"

"தலை நிக்குது" என்றாள் சொர்ணம். குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சில நாள் கழித்து, காலையில் கம்பெனி வேன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. கருப்பணன் இறங்கினார். முற்றத்தில் பலகை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சொர்ணம். முழங்காலுக்குக் கீழே பேத்தி எண்ணெய்ப் பளபளப்போடு கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பலவேசம் அடுப்பிலிருந்து தண்ணீர்ப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் குமிஞ்சு கெடக்கு பலவேசம்" என்றார் கருப்பணன். "அய்யாதுரை பேரை ஏத்திட்டாக. அவன் ஒத்தையில தாங்க மாட்டான். ஓய்வானாலும் பரவாயில்ல, நல்ல கூலி தாரேன், சீசன் முடியுற வரைக்கும் வந்துட்டுப் போகச் சொல்லுதாரு மொதலாளி."

"எந்தக் கணக்குல?"

கருப்பணன் வேனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றே, பழக்கத்தில் கேட்டார்.

"மனசு வெள்ளையாச்சா?"

பலவேசம் பானையோடு வாசலுக்கு வந்து அதைத் தரையில் வைத்தார். பேத்தியைப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது. வேனைப் பார்த்தபோது அது அப்படியே இறுகியது. இரண்டும் ஒரே முகத்தில்தான் நடந்தது.

"இன்னும் இல்லை."

"எப்ப ஆகும்?"

"வெள்ளையானா சொல்லி அனுப்புறேன். ஆகலைன்னா, நீதான சொல்லுவ, கோவமான ஆளை உள்ள விடக்கூடாதுன்னு?"

கருப்பணன் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறினார்.

"வாசல்ல நின்னு என்ன பேச்சு?" முற்றத்திலிருந்து சொர்ணம் கத்தினாள், மூச்சு வாங்காமல். "தண்ணி ஆறுது! பிள்ளை நடுங்குறா, கொண்டாங்கேன்!"

"இந்தா வாரேன்டி, கத்தாத" என்று இவரும் கத்திக்கொண்டே பானையைத் தூக்கினார்.